மாமா எடுத்த சைக்கிள் படங்கள்

எங்கள் மாமாவுக்கு வேகம் என்றாலே ஆகாது என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தோம். ஓடுகிற பஸ்ஸில் ஏறமாட்டார். லோக்கல் ரயிலில் மொத்தக் கூட்டமும் இறங்கித் தீர்ந்த பிறகுதான் பிளாட்பாரத்தில் காலை வைப்பார். தெருவில் பையன்கள் அடித்த பந்து மூக்கில் பட்டபிறகு, "யாருலே அது?" என்று கேட்பார். அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை, உலகத்திலேயே வேகமாக சைக்கிள் ஓட்டுகிறவர்களைப் படம் பிடிக்கப் போகிறேன் என்று சொன்னபோது, அப்பா வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் அவரையே பார்த்தார்.

மாமா என் அம்மாவின் தம்பி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் எங்களோடு தங்கியிருந்தார். கீழே ஒரு அறை, இரும்பு ஏணியில் ஏறினால் மேலே ஒரு அறை. அவ்வளவுதான் வீடு. நைன்ட்டி ஃபீட் ரோட்டில் இருந்த ஒரு போட்டோ ஸ்டுடியோவில் அவருக்கு வேலை. கல்யாணம், சடங்கு, காதுகுத்து, ஒன்றுமில்லாத நாட்களில் பாஸ்போர்ட் சைஸ் படம். கேமராவைக் கண்ணில் வைத்துவிட்டால் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கீழே இறக்கிவிட்டால் வேறு ஆள். தண்ணீர் டிரம்மில் இடித்துக்கொள்வார். பக்கத்து வீட்டில் காயப்போட்ட அப்பளத்தின் மேலேயே நடந்து போவார். "கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்று அம்மா கத்துவாள். மாமா சிரிப்பார். கவனமில்லாத ஆள் என்று அவருக்கு வீட்டில் பெயர் ஏற்பட்டுவிட்டது. அதை அவரும் மறுத்ததில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். மாமா எங்கே போனாலும் என்னைக் கூட்டிக்கொண்டுதான் போவார். பொழுது சாய்ந்துவிட்டால் கட்டாயம் நான் வேண்டும். கல்லி என்று சொல்கிற சந்துகளுக்குள் நடக்கும்போது என் தோளில் கையை வைத்துக்கொள்வார். மாமாவுக்கு என்மேல் அத்தனை பிரியம் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பேன்.

மறுநாள் பம்பாயில் நடக்கவிருந்த சைக்கிள் பந்தயத்துக்கு வெளிநாடுகளிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். சைக்கிள் ஓட்டுவதையே உத்தியோகமாகக் கொண்டவர்கள், அதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் என்று மாமா சொன்னார். எங்கள் தெருவில் சைக்கிள் ஓட்டிச் சம்பாதிக்கிறவர்கள் இட்லி விற்பவரும் பால்காரரும்தான். எனக்கு அதில் பெரிய ஆச்சரியம் ஏற்படவில்லை. மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம், கண்ணாடிக் கட்டிடங்கள் நிற்கிற அகலமான ரோடுகளை அடைத்துவிட்டு, அதே வழியில் திரும்பத் திரும்பச் சுற்றி வருவார்களாம்.

"நாளைக்குச் சாயந்திரம் செம்பூர்ல பொண்ணு பாக்கப் போணும். காலைல போயி வெயில்ல நின்னு கருத்துப்போயி வந்து நிக்கப் போறியா?" என்றாள் அம்மா.

"பத்து மணிக்குள்ள வந்துருவேன்க்கா."

"பேப்பர்காரனுவ எடுப்பானுவ மாப்ள. நீ என்னத்துக்கு?" என்றார் அப்பா.

மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சும்மா, பாக்கணும் அத்தான். வேற ஒண்ணுமில்ல."

ஸ்டுடியோ முதலாளியிடம் கெஞ்சி ஒரு நீளமான லென்ஸ் வாங்கி வந்திருந்தார். கல்யாண மாதம் இல்லாததால் அவர் கொடுத்திருந்தார். அதை ஒரு துண்டில் சுற்றிப் பச்சைப்பிள்ளையைப் போல மாமா மார்போடு அணைத்துக்கொள்ள, ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் நாங்கள் கிளம்பினோம்.

ஆற்றுப் பாலத்தில் அன்று பனிபோல ஒரு புகை. கீழே கறுப்புத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. எப்போதும் இருக்கிற நாற்றம்கூட அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்ததுபோல. பாலத்தைத் தாண்டியதும் வேறு ஊர். ஹாரன் சத்தமே இல்லாத பம்பாயை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அத்தனை பெரிய ரோடு, ஒரு வண்டி இல்லாமல், கழுவி விட்டதுபோல வெறிச்சென்று கிடந்தது. நடுவில் ஒரு நாய் படுத்திருந்தது. அதை எழுப்ப ஒரு போலீஸ் ஹவல்தார் லத்தியைத் தட்டிக்கொண்டு மெதுவாக நடந்து போனார். இரண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டிடங்கள் விடியற்காலை வெளிச்சத்தை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாற்றிக்கொண்டிருந்தன.

ரோடு வளைகிற ஒரு முனையை மாமா தேர்ந்தெடுத்தார். வளைவில் வேகம் குறையும், சாய்ந்து திரும்புவார்கள், முகம் தெரியும் என்றார். அங்கே இரும்புத் தடுப்பு இல்லை. பிளாஸ்டிக் பட்டை ஒன்றைத்தான் கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

"மருமவளே, நீ எனக்கு இடது பக்கம் நில்லு. வந்தா சொல்லு. எந்தப் பக்கம், எம்புட்டுத் தூரம், அதையும் சொல்லு."

முதலில் போலீஸ் ஜீப். பிறகு விசில் ஊதிக்கொண்டு மோட்டார் சைக்கிள்கள். அதற்குப் பிறகு கொஞ்சநேரம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததற்குள்ளிருந்து மெல்ல ஒரு சத்தம். தகரக் கூரையில் தூரத்து மழை நடந்து வருவது போல இருந்தது. "வாராங்க மாமா!" என்று நான் கத்தி முடிப்பதற்குள் சிவப்பும் நீலமும் பச்சையுமாக ஒரு காற்று எங்களைக் கடந்து போய்விட்டது. எதிர்க்கட்டிடத்துக் கண்ணாடியில் அதே காற்று இன்னொருமுறை ஓடியது. என் பாவாடை அடங்குவதற்குள் ரோடு மறுபடி வெறிச்சோடியது.

மாமா கேமராவின் பின்பக்கத்தைப் பார்த்தார். படத்தில் ரோடு இருந்தது. ஆள் இல்லை.

"நல்ல ரோடு" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

அடுத்த சுற்றில் ஒரு பின்சக்கரம் கிடைத்தது. அதற்கடுத்ததில் வண்ணக் கோடுகள், சேலைக்கடையில் துணியை உதறியதுபோல. மாமாவுக்கு அலுக்கவேயில்லை. "எல்லாத்தையும் பாக்கணும்னு நெனச்சா ஒண்ணும் கெடைக்காது. ஒருத்தன மட்டும் புடிப்போம்" என்றார். நாங்கள் பிடித்தது ஒரு மஞ்சள் காலுறைக்காரனை. ஒல்லியானவன். கூட்டத்தின் கடைசியில் வாலில் கட்டிய டப்பாவைப் போல வந்துகொண்டிருந்தான். சுற்றுக்குச் சுற்று அவனுக்கும் கூட்டத்துக்கும் இடைவெளி கூடியது. மாமாவுக்கு அது வசதியாக இருந்தது. தனியாக வருகிறவனைக் கேமராவின் கட்டத்துக்குள் பிடிப்பது சுலபம். ஒரு சுற்றில் அவன் முகமே விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தான். வீட்டுப்பாடம் எழுதும்போது நானும் அப்படித்தான் கடிப்பேன். அதிலிருந்து அவன் எங்கள் ஆள் ஆகிவிட்டான்.

வெயில் ஏறியது. வேடிக்கை பார்க்க ஜனமும் சேர்ந்தது. கண்ணாடிகளிலிருந்து தெறித்த வெளிச்சத்தில் ரோடு உருகுவது போலிருந்தது. சைக்கிள் கூட்டம் ஒருமுறை பெரிய இரைச்சலோடு கடந்து போனது. அவர்கள் போன வலது பக்கமே கேமராவைத் திருப்பி மாமா பின்தொடர்ந்தார். இன்னும் ஒரு படம், இன்னும் ஒன்று என்று போனவர், பட்டையைத் தாண்டி ஒரு காலை ரோட்டில் வைத்துவிட்டார்.

இடது பக்கத்திலிருந்து மஞ்சள் காலுறைக்காரன் வந்துகொண்டிருந்தான்.

"மாமா! வாரான்! இந்தப் பக்கம்!"

நான் கத்தியது எல்லாருக்கும் கேட்டது. மாமாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் திரும்பினார். ஆனால் அவன் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்த பிறகும் அவர் கண் அவனைத் தேடிக்கொண்டிருந்தது. அவன் என்னவோ அலறிக்கொண்டு வண்டியை ஒடித்தான். மாமாவைத் தொடவில்லை. தொடாமலே விழுந்தான். தாரில் உடம்பு உராய்கிற சத்தம் அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. ஒரு காகிதத்தைக் கிழிப்பது போலத்தான் இருந்தது.

ஹவல்தார் ஓடிவந்து மாமாவின் சட்டையைப் பிடித்தார். கூட்டம் சூழ்ந்துகொண்டது. ஒரு தடித்த ஆள் மாமாவின் முகத்துக்கு நேராக வந்து கத்தினார்: "அந்தா ஹை க்யா?"

குருடா நீ என்று கேட்கிறார். பம்பாயில் இதை எல்லாரும் எல்லாரையும் நாளெல்லாம் கேட்பார்கள். ரிக்‌ஷாக்காரர் பஸ்காரரைக் கேட்பார், மீன்காரி கூடைக்காரனைக் கேட்பாள். யாரும் பதில் சொல்வதில்லை. பதிலுக்குத் திட்டுவதுதான் முறை. மாமா பதில் சொன்னார்.

"ஹாங் பாய். அந்தா ஹூங்."

ஆமாம் அண்ணே, குருடன்தான் என்று சத்தம் போடாமல், மணி கேட்டவரிடம் மணி சொல்வது போலச் சொன்னார். யாரோ சிரித்தார்கள். ஹவல்தார் சட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டு, மாமாவின் கண்களைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு அவருடைய முழங்கையைப் பிடித்துப் பட்டைக்கு உள்ளே கொண்டுவந்து விட்டார். அடிவாங்காமல் தப்பிக்க மாமா எப்பேர்ப்பட்ட நாடகம் போட்டார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சொல்வதற்கு அப்போதே வார்த்தைகளை அடுக்கிக்கொண்டேன்.

விழுந்தவன் எழுந்துவிட்டான். முழங்காலில் ரத்தம். மஞ்சள் காலுறைக்குள் அது இறங்கிக்கொண்டிருந்தது. அவனுடைய தண்ணீர் பாட்டில் உருண்டு என் காலடியில் கிடந்தது. எடுத்து நீட்டினேன். அவன் அதை வாங்காமல், என்னையும் மாமாவையும் மாறிமாறிப் பார்த்து ஏதோ சொன்னான். இங்கிலீஷ் இல்லை. திட்டுகிறவன் முகம் அப்படி இருக்காது என்று மட்டும் தெரிந்தது. யாரோ சைக்கிளை நிமிர்த்திக் கொடுக்க, ஏறிப் போய்விட்டான். அந்த பாட்டிலில் பிறகு வெகுகாலம் அம்மா நல்லெண்ணெய் ஊற்றி வைத்திருந்தாள்.

மாமா நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். லென்ஸை மடியில் வைத்து அதன் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டிருந்தார்.

"போலாமா மாமா?"

"அவன் முடிக்கானா பாத்துட்டுப் போவோம்."

சைக்கிள் கூட்டம் இன்னும் ஒருமுறை வந்தது. அதுதான் கடைசிச் சுற்று என்று பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள். கைதட்டல், கூச்சல், விசில். மாமா கேமராவைத் தூக்கவே இல்லை. அவர்கள் போனதும் ஜனங்கள் கலையத் தொடங்கினார்கள். பட்டையைக் கழற்ற ஒருவன் வந்தான். நாங்கள் மட்டும் உட்கார்ந்திருந்தோம். ரோடு மறுபடியும் விடியற்காலையில் பார்த்தது போல ஆகிவிட்டது. அந்த நாய்கூட திரும்பி வந்துவிட்டது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று எனக்கு ஞாபகமில்லை. வெயிலில் எனக்குக் கண் சொக்கியது. தூரத்தில் மரத்தடியில் ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்தபோது கனவு காண்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

"மாமா, வாரான்."

மாமா எழுந்து என் பின்னால் வந்து முட்டி போட்டு உட்கார்ந்தார். அந்த நீளமான லென்ஸை என் தோள்மேல் வைத்தார். "அவன் முகத்தையே பாரு. அவன் போற பக்கம் நீ மெதுவா திரும்பு. நீ திரும்பினா நானும் திரும்புவேன்."

நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அவன் வந்தான். ஒரு காலால் மட்டும் மிதித்து வந்தான். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, கோயிலில் சாமியைச் சுற்றிக் கொண்டுபோகும்போது பல்லக்கோடு சேர்ந்து தலையைத் திருப்புவோமே அதுபோல, நான் மெதுவாகத் திரும்பினேன். என் காதருகே கேமரா படபடவென்று சிமிட்டியது. எங்களைத் தாண்டும்போது அவன் கைப்பிடியிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான். யாருக்காக என்று கேட்டால், அங்கே எங்களைத் தவிர அந்த நாய்தான் இருந்தது.

திரும்பி வரும் வழியில் பாலத்தின் கைப்பிடிச் சுவர் அருகே நின்று மாமா படங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றையும் பெரிதாக்கினார். பெரிதாக்கி, ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு நகர்த்தி நகர்த்தி, எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர் போலப் பார்த்தார். எனக்குப் பசி. "வீட்டுக்குப் போயி பாக்கலாமே மாமா." அவர் காதில் விழவில்லை. "இங்க பாரு, அவனுக்கு மோவாய்ல ஒரு தழும்பு இருக்கு. இங்க பாரு, பின்னாடி ஒரு பொம்பள கொட்டாவி விடுதா. இதெல்லாம் அங்கன இருந்திருக்கு பாத்தியா" என்றார். அங்கே இருந்தது எனக்குத் தெரியும். நான் பார்த்தேன். அதில் என்ன அதிசயம் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

சாயங்காலம் செம்பூர் போனோம். பெண்ணின் அப்பா டிராம்பேயில் ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர்களும் நம்ம ஊர்ப்பக்கம்தான். பெண் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது மாடிக்கு மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். கேசரி கொடுத்தார்கள். ஃபேன் சுற்றியது. பெரியவர்கள் யாருக்கு யார் சொந்தம் என்று ஊர் ஊராகப் போய்த் தேடிக்கொண்டிருந்தார்கள். விடியலில் எழுந்த களைப்பில் நான் அம்மாவின் மடியில் தூங்கிப் போனேன். கனவிலும் சைக்கிள்கள் வந்தன. இந்தமுறை சத்தமே இல்லாமல்.

விழித்தபோது ரிக்‌ஷாவில் இருந்தேன். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அப்பா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா என் காலைத் தன் மடியில் வைத்திருந்தார். பெண் வீட்டில் நான் வாயைத் திறந்துகொண்டு தூங்கியது அவர்களுக்குப் பிடிக்காமல் போயிருக்கும், அதனால்தான் கல்யாணம் நின்றுவிட்டது என்று நானே முடிவு செய்தேன். அந்த வாரம் முழுக்க அம்மா தம்பியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதுவும் என்னால்தான் என்று நினைத்து ஒழுங்காகப் பாலைக் குடித்தேன்.

நான் தூங்கியபோது நடந்ததை அம்மா எனக்குச் சொன்னது நான் காலேஜில் சேர்ந்த பிறகு. மாமாவின் பார்வை ஓரங்களிலிருந்து உள்ளே சுருங்கிக்கொண்டு வந்திருக்கிறது. இருட்டில் சுத்தமாகத் தெரியாது. பகலில் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் மட்டும் தெரியும். அந்தக் குழாயும் வருடத்துக்கு வருடம் சிறுத்துக்கொண்டே போகும், மருந்து கிடையாது என்று பெரிய ஆஸ்பத்திரியில் எப்போதோ சொல்லிவிட்டார்கள். மாமா ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. கேமராவின் கட்டத்துக்குள் உலகம் எல்லாருக்கும் சின்னதுதான் என்பதால் அந்த வேலையில் மட்டும் அவர் பிழைத்து வந்திருக்கிறார். ஓடுகிறதைக் கண்ணால் பிடிக்க முடியாதவர் அதை நிறுத்தி வைத்துப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார். செம்பூர் வீட்டில் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தன்னால் ஒருவன் விழுந்த கதையைச் சொல்லி இப்படி முடித்தாராம்:

"இன்னைக்குக் காலைல ரோட்ல ஒருத்தர் நீ குருடான்னு கேட்டாரு. ஆமான்னு சொல்லிட்டேன். முன்னப்பின்ன தெரியாத ஆளுகிட்டச் சொன்னத ஒங்ககிட்ட மறைச்சா நல்லாருக்காது."

கூடப்பிறந்த அம்மாவுக்கே அது அங்கேதான் தெரிந்தது. பெண்ணின் அப்பா எழுந்து பால்கனிக்குப் போய்விட்டாராம். அடுப்படி வாசலில் நின்ற பெண் மட்டும் உள்ளே போகாமல் நின்றாளாம்.

இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் ஸ்டுடியோவில் நான் உட்கார்ந்திருந்தபோது அந்தச் செம்பூர் அக்கா தனியாக வந்தாள் என்பதுதான். பாஸ்போர்ட் சைஸ் படம் வேண்டுமாம். மாமா ஸ்டூலில் உட்காரச் சொன்னார். கேமராவைக் கண்ணில் வைத்தவர் வைத்தபடியே இருந்தார்.

"நாடியக் கொஞ்சம் தூக்குங்க" என்றார் கடைசியில்.

படம் எடுத்த பிறகும் அவள் கிளம்பவில்லை. "ஒங்களால விழுந்தாரே, அவர் படம் இருக்கா?" என்று கேட்டாள். மாமா கம்ப்யூட்டரில் காட்டினார். வெகுநேரம் பார்த்தாள்.

"முடிச்சாரா?"

"முடிச்சான்."

"எத்தனாவதா வந்தாரு?"

"கடைசியா."

அவள் சிரித்தாள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நான் அவனுக்காகக் கோபப்பட்டேன்.

அடுத்த வாரம் ஆபீஸ் கார்டுக்குப் படம் வேண்டும் என்று வந்தாள். அதற்கடுத்து பேங்குக்கு. ஒருமுறை மாமாவை நேராகப் பார்க்கச் சொல்லிவிட்டு, தன் விரலை அவர் காதுப்பக்கத்திலிருந்து மெதுவாக முன்னால் கொண்டுவந்தாள். "இப்பத் தெரியுதா?" "இல்ல." "இப்ப?" "இல்ல." "இப்ப?" விரல் கிட்டத்தட்ட மூக்குக்கு நேரே வந்தபிறகுதான் மாமா, "தெரியுது" என்றார். அவள் விரலை இறக்காமல் அங்கேயே வைத்திருந்தாள். எனக்கும் அந்த விளையாட்டைக் காட்டச் சொன்னேன். இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை.

அவள் இன்று என் அத்தை. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு மார்க்கெட் முழுக்க அவருக்குச் சொல்லிக்கொண்டே போகிறவள். ஆனால் அன்று என் அறிவுக்கு எட்டியது ஒன்றே ஒன்று. ஒரு பாஸ்போர்ட் படத்தைக்கூட மாமாவுக்கு ஒழுங்காக எடுக்கத் தெரியவில்லை, பாவம் அந்த அக்கா செம்பூரிலிருந்து அலைந்துகொண்டே இருக்கிறாள். வீட்டுக்குப் போய் அதை அப்படியே அம்மாவிடம் புகாராகச் சொன்னேன். மாவு பிசைந்த கையோடு அம்மா என்னை இழுத்து, "யாரு? எந்த அக்கா? திரும்பச் சொல்லு" என்றாள். சொன்னேன். இன்னொரு தடவையும் சொல்லச் சொன்னாள். பிறகு என் கன்னமெல்லாம் மாவாகும்படி என்னைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அன்று மாமாவுக்குப் பிடித்த மீன்குழம்பு வைத்தாள். வேலையை ஒழுங்காகச் செய்யத் தெரியாத ஆளுக்கு மீன்குழம்பு ஒரு கேடா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.